கடலில் சொல்லாத பெயர்

கடலில் படகில் நிற்கும்போது ஊரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பூவரசந்துறையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத விதி. கரையில் சொல்லலாம். அலை வந்து முழங்காலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டும் சொல்லலாம். ஆனால் படகின் அடி மணலை விட்டு எழுந்த கணத்திலிருந்து, அது திரும்பி வந்து மணலை உரசும் கணம் வரைக்கும், அந்தப் பெயர் வாய்க்குள்ளேயே கிடக்கவேண்டும். கைத்தொலைபேசி வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டால் "கோயிலுக்கு நேரை" என்று பதில் வரும். "எப்ப வாறாய்?" என்றால் "வெயில் ஏற முதல் கரைக்கு வந்திடுவன்." படகுகளுக்குப் புனிதர்களின் பெயருண்டு, பிள்ளைகளின் பெயருண்டு, கிரிக்கெட் வீரர்களின் பெயர்கூட உண்டு. ஊரின் பெயரை எந்தப் படகின் முன்புற அணியத்திலும் எவரும் எழுதியதில்லை. ஏன் என்று கேட்டவருமில்லை. கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்வதும் விதிக்குள் அடங்காது.

ஆகவே கடற்படையின் புதிய கப்பலொன்றுக்குப் பூவரசந்துறை என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊர் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு எல்லாருமாக ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் இளம் அதிகாரி ஒருவர். பங்குத்தந்தையோடு கோயில் மண்டபத்துக்கு வந்து, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக, ஈரப்படியில் இறங்குபவர்போல் நிதானமாக வைத்துப் பேசினார். கரையோர ஊர்களின் பெயர்களைப் புதிய கப்பல்களுக்கு வைக்கிறார்கள். இந்த ஊரின் பெயர் தாங்கும் கப்பல் இந்த ஊருக்கு முன்னாலேயே ஆழத்தில் நங்கூரமிடும். மேல்தட்டில் ஊர்ப் பெண் ஒருவர் நின்று ஒலிவாங்கியில் பெயரைச் சொல்லவேண்டும். அதன் பின்னரே பெயர்ப்பலகையின் திரை நீக்கப்படும்.

கைத்தொலைபேசியில் கப்பலின் படத்தைக் காட்டினார். அது கைக்குக் கை போயிற்று. வலையிலிருந்து நேரே வந்திருந்த ஆண்கள் செதிள் ஒட்டிய கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, புனிதரின் திருப்பண்டத்தை வாங்குவதுபோல் அதை வாங்கிப் பார்த்தார்கள்.

"சேர், உது மிதக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். மண்டபம் சிரித்தது.

"மிதக்கும் ஐயா. மிதந்துதான் வரும்."

"எங்கட கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் தூக்கி உள்ளுக்கு வைச்சாலும் இடம் மிஞ்சும் போலை கிடக்கு."

பின்வாங்கிலிருந்த ஒருவர் சிரிக்கவில்லை. "சண்டையிலை கடல் அடைச்சுக் கிடந்த காலத்திலை உந்தக் கப்பல்களின்ரை வெளிச்சத்தைக் கண்டால் நாங்கள் குசினி விளக்கை நூத்துப்போட்டு இருட்டுக்கை இருக்கிறனாங்கள்," என்றார். "இப்ப அதுக்கு எங்கட பேரோ?"

சிரிப்பு நின்றது. அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஸ்ரீபன் எழுந்தார். அறுபதைத் தொடும் வயது. தோளில் கயிறு பதிந்த தழும்பு.

"கப்பல் நேவிக்காரரின்ரை. பேர் எங்கட. பேரை அவை எங்கை கொண்டுபோனாலும் அது எங்கட பேர்தான். உதுக்கு மேலை எனக்குக் கதைக்கத் தெரியாது."

அடுத்து, பெயரைச் சொல்லப்போகும் பெண் யாரென்ற கேள்வி வந்தது. மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி அதை நாணம் என்று எடுத்துக்கொண்டு புன்னகைத்தார். மன்னார்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக காலமாகாத பங்குத்தந்தைக்கும் எதுவும் தெரியாது. கடலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருவருக்கும் சொல்ல அங்கே ஒரு வாயும் திறக்கவில்லை.

கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து றஞ்சனிதான் திறந்தாள். "மதலேனா அக்கா சொல்லட்டுமன், பாதர். கோயில் பாட்டுக்குழுவிலை பாடுறவா. அவாக்கு நல்ல குரல்."

தலைகள் வேகமாக ஆடின. குரல் காரணமல்ல என்பது ஆடிய தலைகளுக்கெல்லாம் தெரியும். மதலேனாவின் கணவன் றெஜி ஒரு வாடைக்காற்றுக் காலத்தில், விடியும் நேரத்தில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு கவிழ்ந்து போனவன். அவனோடு படகில் நின்று, வெறும் மிதப்பொன்றைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவர் ஸ்ரீபன். மதலேனாவின் கூடப்பிறந்த தமையன். நடுங்கிக்கொண்டு மணலில் கிடந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "அவன் ஊர்ப் பேரைச் சொல்லிப்போட்டான்." அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீடு கொடுக்கவேண்டியதை ஏற்கெனவே கொடுத்துவிட்ட வீடு. இனி அந்த வீட்டிலிருந்து கடல் என்னத்தைக் கேட்கப்போகிறது? இதுதான் மண்டபத்தின் கணக்கு. அந்த வீட்டில் இன்னும் ஒரு மகன் இருக்கிறான் என்பதையும், அவன் நாள் தவறாமல் கடலுக்குப் போகிறான் என்பதையும் அந்தக் கணக்கு வசதியாக மறந்திருந்தது.

மதலேனா எழுந்து நின்றாள். மறுத்தால், றெஜியைக் கொண்டுபோனது அந்தச் சொல்தான் என்று ஊரின்முன் ஒப்புக்கொண்டதாகும்.

"ஓம், பாதர். நான் வாறன்."

வாறன் என்றுதான் சொன்னாள். சொல்லுறன் என்று சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வெயில் நன்றாக எறித்தது. கருவாட்டுக்கு அதைவிட வாய்ப்பான வெயில் இல்லை. மீன் வாடிக் குடிசைக்கு முன்னால் நாட்டியிருந்த தடிப்பரணில் மதலேனா பிளந்த மீனைப் பரப்பினாள். முள்ளந்தண்டோரம் கத்தியை ஓட்டிப் பிளந்து, குடலெடுத்து, கடல்தண்ணீரில் அலசி, உப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பாள். பத்து விரலிலும் உப்பு அரித்த வெடிப்புகள். தர்மபுரத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் வியாபாரி இவளுடைய கருவாட்டைத்தான் முதலில் கேட்பார். இரணைமடுக் குளத்துத் தண்ணியிலை விளைஞ்ச சோத்துக்கு உங்கட கருவாட்டுக் குழம்பு இல்லாட்டி இறங்காது அக்கா என்பார்.

மருமகள் பிறின்சி அருகே கதிரை போட்டு இருந்தாள். ஏழு மாத வயிறு. குனிய விடமாட்டாள் மாமி. ஆகவே வாயால் மட்டும் வேலைசெய்தாள்.

"மாமி, உங்களுக்கு ஒரு மோன்தான்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? பெத்தது நான்."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது. அவர் விடிய வெளிக்கிட்டுப் போனாப் பிறகு நான் படுக்கிறேல்லை. படகின்ரை மெசின் சத்தம் தேயும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பன். நீங்கள் அங்கை நிண்டு அதைச் சொன்னால், பிறகு நான் என்னெண்டு இருக்கிறது?"

மதலேனா மீனைத் திருப்பிப் போட்டாள்.

றஞ்சனி வந்தாள். கையில் கடதாசிப் பையில் மடித்த சேலை. மண்டபத்தில் தான் திறந்த வாய்க்குப் பரிகாரம்போல அதை நீட்டினாள்.

"அக்கா, உது என்ரை தங்கச்சி வெளிநாட்டாலை அனுப்பினது. கட்டுங்கோ. மரியாதையாப் போகவேணும்."

"ஆட்டை அறுக்க முதல் மாலை போடுறியோ, றஞ்சனி?"

"ஐயோ மாதாவே, அப்பிடிச் சொல்லாதேங்கோ!" அவள் உண்மையாகவே கலங்கிப்போனாள். பிறகு குரலைத் தணித்தாள். "நான் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ. சத்தம் வராட்டி மைக் பழுதெண்டு நினைப்பினம். எங்கட கோயில் மைக் எத்தினை பூசையிலை அப்பிடி நிண்டிருக்குது!"

பிறின்சி சிரித்துவிட்டாள். "அது நேவியின்ரை மைக், அக்கா. மூச்சு விட்டாலும் கேக்கும்."

மாலையில் மகன் அனிஸ்ரன் வந்தான். சாப்பிட இருந்தபோது தட்டில் புட்டும் முரல் மீன் குழம்பும். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான்.

"அம்மா, நீங்கள் சொன்னாலும் நான் அடுத்தநாள் கடலுக்குப் போவன். சொல்லாட்டிலும் போவன். வேறை என்ன தொழில் தெரியும் எனக்கு?"

"பயமில்லையோ மோனை?"

"பயம் எல்லாருக்கும் இருக்கு. அது பழகின பயம். இது புதுசு."

அவன் கைகழுவப் போனபின் மதலேனா குசினி வாசலில் நின்றாள். அவளுக்குள் இருந்தது பயம் மட்டுமல்ல. கோபம். ஆண்டுதோறும் றெஜியின் திவசப் பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் அந்தக் கோபம் அவளோடு முழந்தாளிட்டிருக்கும். ஒரு சொல். அதை விழுங்கத் தெரியாமல் போன மனிதன். அதைவிடப் பெரிய பசிகளையெல்லாம் விழுங்கியவன். அந்த ஒரு சொல்லை ஏன் அவனால் விழுங்கமுடியவில்லை? மெழுகுதிரி கொளுத்தும்போதெல்லாம் அவனை அவள் கேட்பது இது ஒன்றைத்தான்.

கப்பல் வருமென்ற நாளன்று கடல் காற்றில்லாமல் கிடந்தது. வெளிச்சம் பரவியபோது கிழக்கே நேற்றுவரை இல்லாத ஒரு மலை நின்றது.

முதலில் கண்டவர்கள் சத்தம்போடவில்லை. ஒருவரையொருவர் தோளில் தட்டிக் காட்டினார்கள். ஊர் முழுவதும் மணலுக்கு இறங்கியது. மீன் ஏற்ற மல்லாவியிலிருந்து வந்திருந்த லொறிக்காரரும் லொறியின் கூரைமேல் ஏறி நின்றார். சாம்பல் நிறம், விடியலின் சாம்பலில் பாதியை அதுவே தின்றுவிட்டதுபோலிருந்தது. அதன் கோபுரத்தில் ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் திமிங்கிலம் கரையொதுங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். கடல் எழுந்து ஊருக்குள் நடந்து வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மனிதர் செய்த ஒரு பொருள், கடலுக்குக் கட்டளையிட்டதுபோல் அசையாமல் நிற்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. யாரோ ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பலரும் போட்டார்கள்.

"சேசுவே! உதுக்கோ எங்கட பேர்?" என்றாள் பிறின்சி. குரலில் பயத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்திருந்தது. "அது தாங்குமோ, மாமி? எங்கட பேர் சின்னப் பேரெல்லே?"

மதலேனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். உப்பங்கழிக் களப்பில் இறால் அரித்துப் பிடித்திருக்கிறாள்; கரைவலைக் கயிற்றை இழுத்திருக்கிறாள். கடலில் படகேறியதில்லை. அங்கே பெண்கள் ஏறுவதில்லை. படகின் அடி மணலை விட்டெழுந்ததை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள். உணர்ந்ததும் உதடுகள் தாமாக ஒட்டிக்கொண்டன.

பின்னால் அனிஸ்ரன் மெசினைப் பிடித்திருந்தான். முன்னால் ஸ்ரீபன் இருந்தார். சுற்றிலும் ஊரின் படகுகள் எல்லாம் திருநாளுக்குப்போல வர்ணத்தாள் கட்டி வந்தன. பாதித் தூரத்தில் மதலேனா வாய் திறந்தாள்.

"அண்ணை."

"சொல்லு பிள்ளை."

"அவர் அண்டைக்கு அந்தப் பேரை எப்பிடிச் சொன்னவர்?"

ஸ்ரீபன் திரும்பவில்லை. இத்தனை காலமும் அவள் கேட்காத கேள்வி. அனிஸ்ரனும் மெசினின் வேகத்தைக் குறைத்தான்.

"கத்தினவரோ? அழுதவரோ?"

"இல்லையடி." ஸ்ரீபன் முழங்கால்களைக் கைகளால் கட்டிக்கொண்டார். "மெசின் நிண்டுபோச்சு. அலை எழும்பி எழும்பி விழுகுது. நான் தண்ணி இறைக்கிறன். அவன் எழும்பி நிண்டு கரையைப் பாத்தான். அப்பதான் விடியுது. 'பார் மச்சான்' எண்டான். பிறகு அந்தப் பேரைச் சொன்னான். மெதுவா. அவன்ரை முகத்திலை துளிப் பயம் இல்லை, பிள்ளை. சிரிச்ச மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. சாகப்போற நேரத்திலை அவனுக்கு என்ன சந்தோசம்?"

மேலே எதுவும் கேட்பதற்குள் கப்பலின் நிழல் அவர்கள்மேல் விழுந்தது. வெயில் அணைந்து குளிர் வந்தது. அண்ணாந்து பார்த்தால் இரும்புச் சுவர் வானத்துக்குள் போய் முடிந்தது. அனிஸ்ரன் கையை நீட்டி அதைத் தொட்டான். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை.

"உள்ளுக்கு என்னமோ இரையுது அம்மா. நெஞ்சிடி மாதிரி."

வெள்ளைச் சீருடை அணிந்த பையன்கள் இருவர் ஏணியில் இறங்கிவந்து அவளுடைய இரு கைகளையும் பிடித்தார்கள். "மெதுவா அம்மா, மெதுவா," என்றான் ஒருவன். அந்த இரண்டு சொற்களையும் அன்றுதான் படித்திருப்பான் போலும். அவனுடைய உள்ளங்கையிலும் கயிற்றுக் காய்ப்பு இருந்தது. மதலேனா அதை விரலால் உணர்ந்துகொண்டு ஏறினாள்.

மேல்தட்டு ஒரு முற்றம்போல் விரிந்து கிடந்தது. செருப்பின் ஊடாக அந்த இரைச்சல் கால் எலும்புக்குள் ஏறியது. இரும்பு, இரும்பின்மேல் இரும்பு. அதில் ஒரு துரும்பும் தூசியும் இல்லை. மூன்று மொழிகளில் பெயர் பொறித்த பலகை வெள்ளைத்துணிக்குள் இருந்தது. பங்குத்தந்தை மன்றாடினார். பெரிய அதிகாரிகள் பேசினார்கள். அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. றஞ்சனி சொன்னதுபோல் வாயை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று அந்த நேரம்வரை அவள் நினைத்திருந்தாள். அது கோழைத்தனம் அல்ல, பிறின்சியின் வயிற்றுக்குச் செய்யும் நீதி என்று தனக்குத்தானே சொல்லியும் வைத்திருந்தாள்.

இளம் அதிகாரி ஒலிவாங்கியை அவளிடம் கொண்டுவந்தார். அதை வாங்குவதற்காக அவள் திரும்பினாள். திரும்பியபோது கரை தெரிந்தது.

அவள் பிறந்த நாளிலிருந்து நின்ற கரை. அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை; அதற்குள் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? மணல் ஒரு வெள்ளைக்கோடாய் நீண்டிருந்தது. அதன்மேல் பனைகள். பனைகளுக்கிடையே புனித சந்தியோகுமையோர் கோயில் ஓர் அரிசிமணியின் அளவில். அவளுடைய வாடி எங்கே? கருவாட்டுப் பரண் எங்கே? எல்லாம் இருந்தன, ஒரு கையால் மூடக்கூடிய இடத்துக்குள் எல்லாம் இருந்தன. பெற்றதும் புதைத்ததும், ஓடியதும் மீண்டு வந்து கூரை போட்டதும், இத்தனை பேரும் இத்தனை காலமும் அந்தக் கோட்டின்மேல். மேலே வானம் எல்லையில்லாமல் கிடந்தது. கீழே கடல் எல்லையில்லாமல் கிடந்தது. இரண்டுக்கும் இடையில் அது அழிந்துபோகாமல் நின்றது.

கப்பலைக் கண்டபோது வந்த வியப்பு இதன்முன் ஒரு பொருட்டாய் இருக்கவில்லை. இதைத்தான் அன்று றெஜி பார்த்தார். அலைக்கு நடுவில் எழுந்து நின்று, விடியும் வெளிச்சத்தில், இதைத்தான் பார்த்தார். இதைக் கண்டவர் வேறு எந்தச் சொல்லைச் சொல்லமுடியும்? அவர் அதை விழுங்கத் தெரியாமல் போனவரல்ல.

"அம்மா, இப்ப சொல்லலாம்," என்றார் அதிகாரி தாழ்ந்த குரலில்.

அவள் கம்பித் தடுப்பின் ஓரத்துக்குப் போனாள். கீழே ஊரின் படகுகள் அத்தனையும் வட்டமாய் நின்றன. ஆண்கள் எல்லாரும் கரைக்கு முதுகு காட்டி, அண்ணாந்து, கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வேண்டாமென்று தலையசைத்தார்கள். ஸ்ரீபன் கைகூப்பியிருந்தார். நடுவே அனிஸ்ரன் மெசினைப் பிடித்தபடி எழுந்து நின்றான், முகம் வெளிறியிருந்தது, ஆனால் தலையசைக்கவில்லை. அவள் அவனையே பார்த்தாள். பயம் போகவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டாள்.

பெயர்ப்பலகையின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மற்றக் கையைக் கரையை நோக்கி நீட்டினாள். கோயிலில் முதலடி எடுத்துக்கொடுக்கும் அதே குரல் கடலின்மேல் முழுதாய்ப் பரவியது.

"என்னத்துக்கு எல்லாரும் இதைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அங்காலை திரும்புங்கோ. அனிஸ்ரன், திரும்பிப் பார் மோனை. பூவரசந்துறை! அங்கை பார், பூவரசந்துறை!"